ஸ்க்ரூ உட்காரும் இடம்

அவள் ஸ்க்ரூடிரைவரைப் பிடிப்பதைப் பார்த்தால் வேலை தெரியாதவள் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அந்த மெல்லிய கம்பி நிற்கும். ஆள்காட்டி விரல் மேல்முனையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளங்கை அதன்மேல் படவே படாது. நானோ தாராவியில் தோல் பைப் பட்டறை நடத்துகிறவன். முப்பது வருடமாகச் சுத்தியலும் குறடும் பிடித்த கை என்னுடையது. அந்தப் பிடியைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“இந்தப் பிடில எறும்பக்கூட நவுத்த முடியாதே, தாயி” என்றேன்.

“எறும்ப எதுக்கு அண்ணாச்சி நவுத்தணும்? அது பாட்டுக்குப் போவட்டும்” என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

எங்கள் சந்து மெயின் ரோட்டில் போய்ச் சேரும் முக்கில் அந்தக் கடை இருந்தது. முன்னால் மொபைல் கவர், சார்ஜர் வியாபாரம். உள்ளே ஓரமாக ஒரு மேஜை போட்டு லேப்டாப் ரிப்பேர். முதலாளி கடையநல்லூர்க்காரர், நாங்கள் அவரை பாய் என்போம். மேஜையில் உட்கார்ந்திருந்த இவள் மேலப்பாளையம் பக்கம். முப்பது வயது இருக்கும். எங்கே வேலை கற்றாள் என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். அவளிடம் கேட்டால், “கெடுத்துக் கெடுத்துத்தான் படிச்சேன்” என்பாள், பேச்சு அதோடு முடிந்துவிடும். அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லாமல் போய்விட்டது. அது எப்படிப் போனது என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டதும் அவள் முதலில் எடுப்பது ஸ்வீட் டப்பாவின் மூடி. அந்த அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் பேனாவால் படம் போடுவாள். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஸ்க்ரூ வந்ததோ, அட்டையில் அதே இடத்தில் அதைக் குத்தி வைப்பாள். மற்ற கடைகளில் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, மூடும்போது கைக்கு அகப்பட்டதைப் போடுவார்கள். இந்தச் சம்பிரமம் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

“பாக்க எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும் அண்ணாச்சி. ஒண்ணு மட்டும் அரிசி முனை அளவு நீளம் கூட இருக்கும். அதக் கொண்டு போயி குட்டை ஓட்டைல ஏத்துனா, அடில இருக்க போர்டைக் குத்திப்புடும். பொறவு அந்த மெஷினு குப்பைக்குத்தான்.”

திறப்பதைவிட மூடுவதில்தான் அவளுக்குக் கவனம் அதிகம். ஸ்க்ரூவை ஓட்டையில் நிறுத்தி, முதலில் பின்பக்கமாகத் திருப்புவாள். ஊரே முன்பக்கம் திருப்பும்போது இவள் மட்டும் பின்பக்கம். லேசாக டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்க்ரூவின் மரை பழைய தடத்தில் விழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமாம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் முன்பக்கம் திருப்புவாள். ஸ்க்ரூவின் தலை போய்த் தொட்டதும் கை நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு சிட்டிகைத் திருப்பு. “உக்காந்துட்டா விட்றணும்” என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஓட்டைக்குப் போவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைச் சொல்வாளோ, அந்த மேஜைக்கு எதிரில் நின்ற எல்லோருக்கும் அது மனப்பாடம்.

பாய் ஒரு தடவை வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று பேட்டரியில் ஓடும் ஸ்க்ரூடிரைவர் வாங்கிக் கொண்டுவந்தார். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. திறப்பதற்கு அதை எடுப்பாள். விர்ர் என்று பத்து ஸ்க்ரூவும் அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடும். மூடும் நேரம் வந்ததும் அதை மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டுக் கைக்கம்பியை எடுப்பாள். பாய்க்கு எரிச்சல்.

“வாங்கிக் குடுத்தது என்னத்துக்குமா?”

“தொறக்கதுக்கு மொதலாளி. மூடுறதுக்கு அதுக்கு அறிவு பத்தாது.”

மாட்டுங்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரிய ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர், இஸ்திரி போட்ட சட்டை. வேலை முடிந்து அவள் மூடிக்கொண்டிருந்தபோது, “நன்னா அழுத்திப் போடும்மா. என் பேரன் கட்டில்லேர்ந்து கீழே தள்ளிடறான்” என்றார்.

“அழுத்திப் போட்டா ஸ்க்ரூ ஒடையாது சார். அதப் புடிச்சிருக்க பிளாஸ்டிக்குதான் ஒடையும்.”

“பரவால்லே, நான் சொல்றேனோல்லியோ, இன்னும் ஒரு சுத்து சுத்து.”

“முடியாது சார்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. ரிப்பேர் கடையில் ஒரு பெண் தன்னிடம் முடியாது என்று சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அவள் லேப்டாப்பைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். “வேணும்னா வேற கடைல குடுத்து அழுத்திக்கிடுங்க. நான் போட்டதுனு மட்டும் சொல்லிராதிய” என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். சில மாதம் கழித்து மருமகளின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவரே திரும்ப வந்தார். அவள் அந்தப் பழைய பேச்சை எடுக்கவே இல்லை.

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். உள்ளே விசிறிக்குப் பக்கத்தில் ஒரு செப்புத் தகடு இருக்கும், அதற்கு நான்கு ஸ்க்ரூ. ஒன்றை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாதாம். எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி வர வேண்டுமாம். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து, எத்தனை திருப்பு என்று சந்தேகம் வந்துவிட்டால், நான்கையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். எதிரில் நிற்பவன் ஜல்தி ஜல்தி என்று குதித்தாலும் அவளுக்குக் காது கேட்காது. எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், உள்ளுக்குள் பொறாமையாகவும் இருக்கும். என் பட்டறையில் அப்படி ஒரு ஆள் எனக்கு அமைந்ததில்லை.

அந்த வருடம் பாய் அவளிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கடையின் முன் கவுண்டரில் பாதியை அவளுக்கே விட்டுவிடுவது, அவள் பெயரில் தனி போர்டு வைப்பது. சம்பளத்துக்கு உட்காரும் மேஜை போய், அவள் சொந்தக் கடை ஆகிவிடும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மூன்று மாதத்துக்கு அவள் கைவேலை ஒன்றுகூடக் கெட்டுப்போய்த் திரும்பி வரக் கூடாது. பத்து வாரம் ஓடியிருந்தது. ஒன்றும் திரும்பவில்லை. பெயிண்டரிடம் வெள்ளையில் பச்சை எழுத்து என்று சொல்லி வைத்திருந்தாள். சந்து முழுக்க இது தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளின் லேப்டாப் மூடி ஆட்டம் கண்டது. மகள் மாட்டுங்காவில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு நாளில் சரி செய்து கொடுத்தாள். “மூடியப் புடிச்சிருக்க பித்தளை நட்டு ரெண்டும் பேந்து போச்சு. பசை வச்சு ஒக்கார வச்சிருக்கேன். கெட்டியாவ மூணு நாளாவும். அதுவரைக்கும் பதனமா வச்சுக்கிடுங்க” என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் பட்டறை வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பையை எத்தனை பேர் வெட்டித் தைத்திருந்தாலும், வாசலைத் தாண்டுமுன் பட்டறைக்காரன் கை அதன்மேல் விழ வேண்டும். பிடியை ஒரு இழுப்பு, பக்கிளை ஒரு அழுத்து, ஸ்க்ரூ வைத்த பிடியென்றால் ஒரு திருப்பு. கடைசிக் கை என்று அதற்குப் பெயர். கடைசிக் கை விழாத சரக்கு என்றால் எனக்குச் சோறு இறங்காது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டறையில் யாரும் இல்லாத நேரம், அந்த லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூவில் டிரைவரை வைத்துத் தொட்டேன், அசைந்தது. பார்த்தாயா, முடுக்கவே இல்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் பட்டறை டிரைவரை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, பதினோரு ஸ்க்ரூவுக்கும் கடைசிக் கை போட்டேன். மூடியை ஒட்டியிருந்த ஸ்க்ரூவைத் திருப்பும்போது உள்ளே கடலைமிட்டாய் கடிபடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மிச்சத்தைத் திருப்பினேன்.

திங்கட்கிழமை காலையில் மகள் மூடியைத் திறந்தாள். மூலை பிளந்து, ஸ்க்ரீனில் கோடு கோடாக வந்து, அணைந்து போனது.

“அப்பா, இத யாராச்சும் தொறந்தாங்களா?”

“இங்கன யாரு தொறக்கா? அந்தப் பொண்ணு புடிக்கற பிடிக்கு வேற எப்படி இருக்கும்?”

மகள் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அப்பனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற பிள்ளை. “வாங்க, இப்பவே போயி கேப்போம்” என்று அவள் கிளம்பிவிட்டாள். பின்னால் போகாமல் இருக்க எனக்கு வழி இல்லை.

கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் லேப்டாப்பை மேஜையில் வைத்து, “பாய், உங்க வேலை ரெண்டு நாளுகூடத் தாங்கல” என்றேன். ஏனோ குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. பாய் எழுந்து வந்தார். அவள் லேப்டாப்பைக் கவிழ்த்தாள். ஸ்க்ரூத் தலைகளின் மேல் நகத்தை ஒட்டிக்கொண்டே போனாள். ஒன்றைக் கழற்றப் பார்த்தாள், அசையவில்லை. டிரைவரை மாற்றி, மெனக்கெட்டுக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். தலையில் இருந்த கூட்டல் குறி தேய்ந்து குழியாகிக் கிடந்தது.

“இது என் கை இல்ல, மொதலாளி.”

“பின்ன யாரு கை?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற என் மகளைப் பார்த்தாள். “அது எனக்குச் சொல்லத் தெரியாது. என் கை இல்ல” என்றாள்.

பாய் என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, வீட்டுல யாரும் ஸ்க்ரூவத் தொட்டியளா?”

“இல்லையே பாய்” என்றேன்.

பதினைந்து வருடமாகப் பக்கத்துப் பட்டறைக்காரன் நான். என் வார்த்தைக்கு மேல் அவர் ஏன் யோசிக்கப் போகிறார்? பெயிண்டருக்கு அங்கேயே போன் போட்டு, போர்டு இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னார். அவள் அந்தத் தேய்ந்த ஸ்க்ரூவை ஒரு தாளில் மடித்து டிராயரில் போட்டுவிட்டு, ஸ்வீட் டப்பா மூடியை எடுத்துப் படம் போட ஆரம்பித்தாள். லாமிங்டன் ரோட்டிலிருந்து புதுக் கூடு வாங்கி வரச் சொல்லி, நாலாம் நாள் வேலையை முடித்துக் கொடுத்தாள். மூடும்போது அவள் வாயிலிருந்து அந்த வழக்கமான வார்த்தை வரவில்லை.

அதன் பிறகு தினமும் அந்தக் கடையைத் தாண்டிப் போவது எனக்குப் பெரும் பாடாகிவிட்டது. எதிர் வாடைக்கு மாறி நடப்பேன். இரண்டு வாரம் ஆகியிருக்கும். டீ குடிக்கும்போது பாயே சொன்னார், முன் கவுண்டரைத் தன் தங்கை மகனுக்குக் கொடுக்கப் போவதாக. “இந்தப் பிள்ளை நல்ல வேலைக்காரிதான். ஆனா வேலை திரும்பி வந்துட்டுல்லா” என்றார். அடுத்த நாள் அந்தப் பையன் பேட்டரி டிரைவரோடு வந்து கவுண்டரை அளந்துகொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகு என்னால் பட்டறையில் உட்கார முடியவில்லை. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று எனக்கே என்மேல் அருவருப்பாக வந்தது. பொய்யை யார் யார் முன்னால் சொன்னேனோ, அவர்கள் முன்னால்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மகள் காலேஜ் விட்டு வரும்வரை காத்திருந்து, “ஏட்டி, என்கூட வா” என்று கூட்டிக்கொண்டு போனேன்.

கடையில் அன்றும் ஆட்கள் நின்றிருந்தார்கள். “பாய், அந்த லேப்டாப்ப நான்தான் முடுக்குனேன். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. நான் பொய் சொன்னேன்” என்றேன். சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை.

பாய் சிரித்தார். “போங்க அண்ணாச்சி. பாவம்னு பாத்து அந்தப் பிள்ளைக்காகப் பேசுதிய. உங்க மனசு எனக்குத் தெரியாதா?”

பொய் சொன்னபோது நம்பியவர், உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்போது அவள் மேஜைக்கு அடியிலிருந்து, குப்பைக்கு ஒதுக்கி வைத்திருந்த ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து என் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

“அன்னைக்கு எப்படி முடுக்குனியளோ, அப்படி இதுல முடுக்குங்க” என்றாள்.

மகளை அனுப்பிப் பட்டறையிலிருந்து என் டிரைவரை எடுத்து வரச் சொன்னேன். வந்தது. உள்ளங்கையில் வைத்து, தோளைக் கொடுத்து ஒரு திருப்புத் திருப்பினேன். அதே சத்தம். சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அவள் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, டிராயரிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்து, இரண்டையும் பாயின் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே குழி. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சிருக்குல்லா. ஏம்மா சொல்லல?”

“அந்தப் பிள்ளை பக்கத்துல நின்னுச்சு மொதலாளி. அப்பா பொய் சொல்லுதாருன்னு அது முன்னால எப்படிச் சொல்ல? என் கை இல்லன்னு மட்டும் சொன்னேன். நீங்க நம்பல.”

என் மகள் என் பக்கத்திலிருந்து விலகிச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள். பாய் போனை எடுத்துப் பெயிண்டரைக் கூப்பிட்டார். தங்கை மகனிடம் அளவு நாடாவை மடித்து வைக்கச் சொன்னார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, பழையபடி கேலி பேசிக்கொண்டு இங்கே வந்து நிற்கலாம் என்று நினைத்தேன். எப்படிப்பட்ட முட்டாள் நான்.

“மன்னிச்சிரு தாயி” என்றேன்.

அவள் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. “உண்மையச் சொன்னியல்லா, நல்லாருங்க அண்ணாச்சி. ஆனா இனி உங்க வேலைய நான் எடுக்க மாட்டேன். எனக்கு இருக்கது இந்தக் கை ஒண்ணுதான். பதினேழு நாளு இதக் களவாணிக் கை மாதிரி எல்லாரும் பாத்தாவ. உங்க மகளுக்கு என்ன வேணும்னாலும் அது வரட்டும், செஞ்சு குடுப்பேன். நீங்க வராதிய.”

பாய், “என்னம்மா, அண்ணாச்சியப் போயி...” என்று ஆரம்பித்தார். “என் கவுண்டர்ல யாருக்குச் செய்யணும்னு நான்தான சொல்லணும், மொதலாளி?” என்றாள்.  நான் என் டிரைவரை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

அந்த வாரமே போர்டு ஏறிவிட்டது, வெள்ளையில் பச்சை எழுத்து. கூட்டம் நன்றாக வந்தது. மகளின் லேப்டாப்புக்கு அதற்கப்புறம் இரண்டு தடவை வேலை வந்தது. மகளே கொண்டுபோனாள். நான் எதிர் வாடை டீக்கடையில் நின்று பார்ப்பேன். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து ரோட்டுப் பக்கம் பார்த்ததில்லை. கோபம் இருந்தால் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

இப்போது அவள் கடை பாண்டுப்பில் இருக்கிறது. மகளுக்கு வேலை கிடைத்து, புது லேப்டாப் வாங்கி, அதுவும் பழசாகிவிட்டது. இங்கே தாராவியிலேயே பத்துக் கடை இருக்க, மகள் ரயில் ஏறிப் பாண்டுப்புக்குத்தான் போகிறாள். போன வாரமும் போய் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, “அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டாளா?” என்றேன்.

“கேக்கலப்பா” என்றாள்.

“அதுசரி” என்றேன். அவள் எதற்குக் கேட்க வேண்டும்?